பயணச்சீட்டு காட்டாத பன்னிரண்டு மணி நேரம்

அயல்நாட்டில் வாழும் பிள்ளைகளைக் காணப் புறப்படும் முதியோர் பலர், பயணத்துக்கு முன் எங்களிடம் ஆலோசனை பெற வருகின்றனர். அவ்வாறு வந்த ஓர் அம்மையார், மகளின் பேறுகாலத்துக்காகச் சென்னையிலிருந்து துபாய் வழியே சான் பிரான்சிஸ்கோ செல்லவிருந்தார். காலை, இரவு என இருவேளை இன்சுலின் செலுத்திக்கொள்பவர். துபாயில் புறப்பாடு காலை 9 மணி, சான் பிரான்சிஸ்கோ சேர்வது அதே நாள் பிற்பகல் 1 மணி என்றது பயணச்சீட்டு. “நாலு மணி நேரந்தானே டாக்டர்! காலை ஊசியைத் துபாயில் போட்டுக்கொண்டால், ராத்திரி ஊசிக்கு மகள் வீட்டுக்கே போய்விடலாம்” என்றார்.

சீட்டில் அச்சிடப்படுவது அந்தந்த ஊரின் நேரம். குளிர்காலத்தில் சான் பிரான்சிஸ்கோ, துபாயைவிட 12 மணி நேரமும் இந்தியாவைவிட பதின்மூன்றரை மணி நேரமும் பின்தங்கியிருக்கும். சென்னையிலிருந்து துபாய் ஏறத்தாழ 2,900 கிலோமீட்டர். நான்கு மணி நேரத்தில் கடந்துவிடலாம். துபாயிலிருந்து சான் பிரான்சிஸ்கோவோ ஏறத்தாழ 13,000 கிலோமீட்டர். எங்கும் நில்லாமல் பறந்தாலும் சுமார் 16 மணி நேரம் ஆகும். துபாயில் காலை 8 மணிக்குப் போடும் ஊசிக்கும், மகள் வீட்டில் இரவு 8 மணிக்குப் போடும் ஊசிக்கும் இடையே உண்மையில் கழிவது 24 மணி நேரம். இடையில் விமானத்தில் உணவும் சிற்றுண்டியும் வந்துகொண்டிருக்கும்.

ஆகவே, ஒரு கைக்கடிகாரத்தை இந்திய நேரத்திலேயே விட்டுவைக்கச் சொல்கிறோம். வழியில் மருந்துக்கு அதுவே கணக்கு. வலிப்பு நோய்க்கும் இரத்தம் உறையாதிருக்கவும் மாத்திரை உட்கொள்வோருக்கும் இது பொருந்தும். இன்சுலின் அளவையும், சென்றடைந்தபின் அவ்வூர் நேரத்துக்கு மாறும் முறையையும் உங்கள் மருத்துவரிடம் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; நீங்களாகக் கூட்டவோ குறைக்கவோ வேண்டா. உணவோடு சேர்த்துப் போடும் ஊசியை, உணவுத் தட்டு கைக்கு வந்தபின்பே போடுங்கள். மருந்துகள் யாவும் கைப்பையில் இருக்கட்டும். சரக்கறைக்குச் செல்லும் பெட்டியில் இன்சுலின் உறைந்து கெடலாம். பெட்டியே வேறு ஊருக்குப் போய்ச் சேர்வதும் உண்டு.

அடுத்தது கால். நான்கு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்தில் காலின் ஆழ்சிரைகளில் இரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இருமடங்காகிறது என்று உலகச் சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு அறிவித்தது. உடல்நலமுள்ளோருக்கு அது 6,000 பேரில் ஒருவருக்கு என்ற அளவே. அண்மையில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர், புற்றுநோயாளி, முன்பே சிரையில் உறைவு கண்டவர் ஆகியோருக்கு அது கூடுதல். நடைபாதையோர இருக்கையைக் கேட்டுப் பெறுங்கள். அவ்வப்போது எழுந்து நடங்கள். அமர்ந்தபடியே கணுக்காலை மேலும் கீழும் அசையுங்கள். தூக்க மாத்திரை போட்டு அசையாது கிடப்பதை நாங்கள் விரும்புவதில்லை.

விமானத்தினுள் காற்றழுத்தம் ஏறக்குறைய உதகையில் இருப்பதைப் போன்றது. இதயச் செயலிழப்பு, நாட்பட்ட நுரையீரல் நோய் உள்ளோர் 16 மணி நேரம் அதைத் தாங்குவார்களா என்பதைப் புறப்படுமுன் சோதித்தறிய வேண்டும். ஆக்சிஜன் தேவைப்படுமெனில் விமான நிறுவனத்துக்கு முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும். ஆதலால் சீட்டு வாங்கியபின் வராமல், வாங்குமுன் வாருங்கள்.

ஊர் சேர்ந்தபின் சில வாரங்கள் வரை, ஒரு காலில் மட்டும் வீக்கமோ வலியோ தோன்றினால் அன்றே மருத்துவரைக் காணுங்கள். திடீர் மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ வந்தால் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு உடனே செல்லுங்கள். விமானத்தில் வந்ததை அங்கு மறவாமல் சொல்லுங்கள்.