தண்ணீருக்கு ஆகாத திரவம்

புதுச்சேரியின் பாகூர் ஏரியும் ஊசுட்டேரியும் நிரம்பும் அடைமழைக் காலத்தில், வில்லியனூர் பக்கம் உப்பு ஜாடியைத் திறந்து வைத்தாலே நீர் கசிந்துவிடும். அந்த ஈரக்காற்றில் தயோனைல் குளோரைடு பாட்டிலின் மூடியைத் திறந்தால் புகை கிளம்பும். கந்தகம், ஆக்சிஜன், குளோரின் மூன்றும் சேர்ந்த இந்தத் திரவத்துக்கு நிறம் கிடையாது. சில சமயம் லேசான மஞ்சள். தண்ணீரைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் கனம். ஏறத்தாழ 76 டிகிரி செல்சியஸில் கொதிக்கும்.

தண்ணீர் பட்டதும் இது சிதைந்து, கந்தக டை ஆக்சைடும் ஹைட்ரஜன் குளோரைடும் ஆகிவிடுகிறது. முன்னது பட்டாசுப் புகையில் மூக்கைத் துளைக்கும் வாயு. பின்னது ஈரத்தில் கரைந்தால் ஹைட்ரோகுளோரிக் அமிலம். கண், தொண்டை, நுரையீரல் எல்லாமே ஈரமான இடங்கள்தானே! ஒரு லிட்டர் முழுவதும் சிதைந்து வாயுவாகவே வெளியேறினால் ஏறத்தாழ 1,000 லிட்டர் வரும். சிந்திய இடத்தில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றினால் நிலைமை மோசமாகும்.

தொழிற்சாலைக்கோ இந்த முரட்டுக்குணம்தான் வசதி. கரிம அமிலங்களில் குளோரினைப் புகுத்திவிட்டு, மிச்சம் வாயுவாக வெளியேறிவிடும். பிரித்தெடுக்கும் வேலை குறைவு. மருந்து, சாயம், பூச்சிக்கொல்லித் தயாரிப்புகளுக்கு இது வேண்டும். எண்டோசல்பான் என்ற பூச்சிக்கொல்லியில் இருந்த கந்தகம் இதிலிருந்து போனதுதான். அது தெளிக்கப்பட்ட காசர்கோடு முந்திரித் தோட்டங்களை ஒட்டி வாழ்ந்தவர்களின் துயரம் ஊரறிந்தது. 2011 மே 13 அன்று உச்ச நீதிமன்றம் எண்டோசல்பானுக்குத் தடை விதித்தது. தயோனைல் குளோரைடு வேதி ஆயுதத் தடை ஒப்பந்தத்தின் மூன்றாம் பட்டியலிலும் இருக்கிறது.

தொழிற்பேட்டைப் பக்கமே போகாதவர் வீட்டிலும் இது இருக்கலாம். மின்னணு மீட்டர்கள் பலவற்றின் உள்ளே இருப்பது லித்தியம்–தயோனைல் குளோரைடு செல். லித்தியத்தின் மேல் தானாகப் படியும் மெல்லிய உப்புப் படலம் செல்லை வீணாகத் தீரவிடாது, பத்தாண்டுகூட உழைக்கும். பார்வைக்குச் சாதாரண டார்ச் செல் அளவுதான், ஆனால் 3.6 வோல்ட். மறுபடி சார்ஜ் ஏற்றினாலோ, துளையிட்டாலோ, நெருப்பில் போட்டாலோ வெடிக்கக்கூடும்.

திரவம் தோலில் பட்டால் உடையைக் கழற்றிவிட்டு, குழாயைத் திறந்து 15 நிமிடமாவது கழுவ வேண்டும். கொஞ்சம் தண்ணீர்தான் கெடுதல். நிறையத் தண்ணீர் அமிலத்தை அடித்துக்கொண்டு போய்விடும். புகையைச் சுவாசித்தவரை உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள். நுரையீரல் பாதிப்பு சில மணி நேரம் கழித்தும் தெரியவரலாம். பழைய மீட்டரைப் பிரிக்காதீர்கள், காயலான் கடைக்கும் போடாதீர்கள். மின்துறையிடமே ஒப்படையுங்கள்.