காருக்கும் மூட்டுவலி வருமா?

வயது முதிர்ந்தோருக்கு முழங்கால் மூட்டுத் தேய்ந்து, எழும்போதும் அமரும்போதும் வலி தோன்றுவதை நாம் வீடுதோறும் காண்கிறோம். கார்களுக்கும் அத்தகைய மூட்டுகள் உண்டு, அவையும் தேயும், தேய்ந்தால் முனகும். பழைய அம்பாசிடர் கார் ஒன்று நின்ற இடத்திலிருந்து நகரத் தொடங்கும் வேளையில், அடிப்பக்கத்திலிருந்து "டக்" என்று ஓர் ஓசை எழுந்தால், பெரும்பாலும் அது மூட்டின் முனகலே. அந்த மூட்டு எது, அது ஏன் தேய்கிறது, அதை மாற்றுவது எவ்வாறு என்பனவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மூட்டு எதற்கு?

இங்கிலாந்து நாட்டின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை ஒட்டி அமைந்தது அம்பாசிடர். கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனத்தார் இதைச் செய்து வந்தனர். 2014-ஆம் ஆண்டில் உற்பத்தி நின்றுவிட்ட போதிலும், இதனைப் பிரிய மனமின்றிப் பேணி வரும் குடும்பங்கள் இன்றும் பல.

இந்தக் காரில் என்ஜின் முன்னால் இருக்கிறது. ஆனால் வண்டியை ஓட்டுபவை பின்சக்கரங்கள். என்ஜினின் சுழற்சியைப் பின்னச்சுக்குக் கொண்டு செல்வது, காரின் அடியில் நீண்டு கிடக்கும் உள்ளீடற்ற எஃகுக் குழாய். இதைப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் என்பர். நாம் சுழல் தண்டு என்போம்.

என்ஜினும் கியர் பெட்டியும் காரின் உடலோடு பிணைக்கப்பட்டவை. பின்னச்சோ பட்டை ஸ்பிரிங்குகளில் தொங்குவது. சாலையின் ஒவ்வொரு மேடு பள்ளத்திலும் அது ஏறி இறங்கும். சுழல் தண்டை இரு முனைகளிலும் விறைப்பாக முடுக்கிவிட்டால், முதல் பள்ளத்திலேயே ஏதேனும் ஒன்று முறிந்து போகும். ஆகவே, சுழன்றுகொண்டே வளைந்து கொடுக்கும் மூட்டு, முனைக்கு ஒன்றாக வைக்கப்பட்டுள்ளது.

கதவின் கீலை நினைத்துப் பாருங்கள். அது ஒரு வாட்டத்தில் மட்டுமே மடியும். அந்தக் கீலுக்குக் குறுக்கே இன்னொரு கீலைப் பொருத்தினால் நாற்புறமும் மடியும் அல்லவா? யுனிவர்சல் ஜாயிண்ட் எனப்படும் இம்மூட்டின் தத்துவம் அதுவே. எதிரெதிரே இரண்டு கவைகள். அவற்றின் நடுவில் கூட்டல் குறி வடிவில் ஓர் எஃகுத் துண்டு. அதன் இரு கைகளை ஒரு கவையும், மற்ற இரு கைகளை மறு கவையும் பற்றியிருக்கும். ஒவ்வொரு கையின் நுனியிலும் ஒரு சிறு கிண்ணம் கவிழ்ந்திருக்கும். கிண்ணத்தின் உட்சுவரை ஒட்டி ஊசி போன்ற மெல்லிய உருளைகள் வரிசையாக நிற்கும். பட்டறைகளில் இதைக் "கிராஸ்" என்றே கேட்டு வாங்குகின்றனர்.

பிறந்த கதை

இம்மூட்டு காருக்கென்று பிறந்ததன்று. 16-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கணித அறிஞர் கார்டானோவின் பெயரால் ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இது வழங்குகிறது. ஸ்பிரிங்கின் விதியை நமக்குத் தந்த இராபர்ட் ஹூக், சூரியனை நோக்கும் கருவி பற்றி 1676-இல் வெளியிட்ட நூலில் இதனை விளக்கினார். அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் படித்த கிளாரன்ஸ் ஸ்பைசர், சங்கிலியால் ஓடிய அந்நாளையக் கார்களுக்கு மாற்றாக இம்மூட்டைப் பொருத்தும் முறைக்கு 1903-இல் காப்புரிமை பெற்றார்.

இரண்டு மூட்டுகளின் ஒற்றுமை

இங்கே ஒரு விந்தை உண்டு. வளைந்த நிலையில் உள்ள ஒரு மூட்டு, சுழற்சியை ஒரே சீராகக் கடத்துவதில்லை. முன்பக்கம் சீராகச் சுழன்றாலும், பின்பக்கம் ஒவ்வொரு சுற்றிலும் இருமுறை விரைந்தும் இருமுறை தளர்ந்தும் சுழலும். வளைவு 10 பாகையானால் இந்த ஏற்ற இறக்கம் நூற்றுக்கு ஒன்றரை அளவே. 30 பாகையானால் நூற்றுக்கு 13 அளவு தளர்ந்தும் 15 அளவு விரைந்தும் ஓடும்.

நான்கு கியர் கொண்ட அம்பாசிடரில், நான்காம் கியரில் என்ஜினும் தண்டும் ஒரே வேகத்தில் சுழல்வன. என்ஜின் நிமிடத்துக்கு 3000 சுற்றுகள் சுற்றினால், தண்டு நொடிக்கு 50 சுற்றுகள் சுற்றும். அப்போது இத்தகைய உலுக்கல் நொடிக்கு 100 முறை எழ வேண்டும். ஆயினும் நாம் அதனை உணர்வதில்லை. ஏன்? முன்மூட்டு செய்யும் குறையைப் பின்மூட்டு அதே அளவில் எதிராகச் செய்து ஈடுகட்டிவிடுகிறது. ஆனால் இதற்கு ஒரு நிபந்தனை உண்டு. தண்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே வாட்டத்தில் நிற்க வேண்டும். மூட்டை மாற்றும் வேலையில் நாம் மறக்கக் கூடாத செய்தி இதுவே.

தேய்வும் அறிகுறிகளும்

கிண்ணத்திலுள்ள உருளைகள் முழுச் சுற்றாக உருள்வதில்லை. இருந்த இடத்திலேயே சிறிது முன்னும் பின்னும் அசைகின்றன. கிரீஸ் வறண்டாலோ, மழைநீரும் சேறும் புகுந்தாலோ, அவை கிராஸின் கைகளில் வரி வரியாகப் பள்ளம் பறித்துவிடும்.

அறிகுறிகள் மூன்று. கிளட்சை விடும்போதும், ஆக்ஸிலேட்டரை விட்டு மீண்டும் மிதிக்கும்போதும் "டக்" என்ற ஓசை. மெதுவாகச் செல்கையில் குருவி கத்துவது போன்ற கீச்சொலி. குறிப்பிட்ட வேகத்தில் காலடியில் நடுக்கம்.

இவ்வோசை வேறு உறுப்புகளிலிருந்தும் வரலாம் என்பதால் கையால் சோதித்தல் நலம். சமதரையில் என்ஜினை அணைத்து, சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, கியரை நியூட்ரலில் விட வேண்டும். மூட்டின் இருபுறமும் பிடித்து எதிரெதிராகத் திருகியும், மேலும் கீழும் ஆட்டியும் பார்க்க வேண்டும். தண்டு முழுவதும் சேர்ந்து சிறிது திரும்பினால் அது பின்னச்சின் பற்சக்கர இடைவெளி. கிராஸ் மட்டும் தனியே அசைந்தாலோ, கிண்ண ஓரத்தில் செந்நிறத் துருப்பொடி தெரிந்தாலோ, மூட்டுத் தேய்ந்துவிட்டது என்று கொள்ளலாம். முன்மூட்டு ஓடும்போது முறிந்தால், தண்டின் முனை சாலையில் விழுந்து குத்திப் பெரும் விபத்தை விளைவிக்கும். எனவே காலந்தாழ்த்தல் தகாது.

மாற்றும் முறை

முதலில் பாதுகாப்பு. ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் காரின் அடியில் செல்லலாகாது. உறுதியான ஸ்டாண்டுகளின் மேல் காரை நிறுத்த வேண்டும். இன்னொன்றும் உண்டு. தண்டைக் கழற்றியபின் கியரில் போட்டு வைத்தாலும் கார் நிற்காது. கைபிரேக்கோ பின்சக்கரங்களை மட்டுமே பிடிப்பது. அவை தூக்கப்பட்டிருக்கையில் அதனாலும் பயனில்லை. ஆகவே முன்சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைப்பது இன்றியமையாதது.

அடுத்து, ஒரு போல்ட்டையும் தொடுவதற்கு முன், தண்டும் அச்சும் சேரும் இடத்திலும், தண்டின் வழுக்கும் இணைப்பிலும் இருபுறமும் பெயின்ட்டால் கோடிட வேண்டும். முன்பு கூறிய கவைகளின் வாட்டத்தைக் காப்பது இந்தக் கோடுதான்.

தண்டைக் கழற்றி மண்ணெண்ணெயால் துடைத்தபின், கிண்ணங்களைப் பிடித்திருக்கும் லாக் வளையங்களை எடுக்க வேண்டும். பின்பு வைஸில் ஒருபுறம் கிண்ணத்தைவிடச் சிறிய சாக்கெட்டையும், மறுபுறம் கிண்ணம் உள்ளே போகுமளவு பெரிய சாக்கெட்டையும் வைத்து முடுக்கினால், எதிர்ப்புறக் கிண்ணம் மெல்ல வெளிவரும். திருப்பி வைத்து மற்றதையும் எடுக்கலாம். கவையின் துளைகளையும் வளையம் அமரும் பள்ளங்களையும் நன்கு துடைக்க வேண்டும்.

புதிய கிராஸைப் பொருத்துவதில் பொறுமையே பெரிய கருவி. கிண்ணத்து உருளைகள் கிரீஸின் பிடிப்பில் மட்டுமே நிற்பவை. கிண்ணத்தைச் சிறிதளவு உள்ளே செலுத்தியதுமே கிராஸின் கையை அதற்குள் நுழைத்துவிட்டால் அவை சாயா. லாக் வளையம் பள்ளத்தில் அமர மறுத்தால் சுத்தியலால் அடித்தல் கூடாது. உருளை ஒன்று கிண்ணத்தின் அடியில் விழுந்து கிடக்கக்கூடும். கழற்றிப் பார்ப்பதே முறை. நான்கு வளையங்களும் அமர்ந்தபின் மூட்டு விரல் பலத்திலேயே நாற்புறமும் அசைய வேண்டும். இறுக்கமாக இருந்தால் கவையின் காதுகளை மரச்சுத்தியலால் மெல்லத் தட்டினால் இளகும். கிரீஸ் நிப்பிள் உள்ள மூட்டானால், நான்கு ஓரங்களிலும் புதுக் கிரீஸ் கசியும்வரை கிரீஸ் ஏற்ற வேண்டும்.

பின்னர் கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தத் தண்டை ஏற்றி, புதிய நட்டுகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக முடுக்க வேண்டும். மெதுவாக ஓட்டிப் பார்த்து, சில நாட்கள் கழித்து முடுக்கத்தை மறுமுறை சோதிக்க வேண்டும். ஒரு மூட்டுத் தேய்ந்திருந்தால் மற்றதையும் உடன் மாற்றிவிடுவது சிக்கனம். இரண்டும் ஒரே அளவு உழைத்தவை அல்லவா?

நாம் கற்பது

"இவை மெக்கானிக்கின் வேலை, மாணவியருக்கு எதற்கு?" எனச் சிலர் வினவலாம். ஸ்பானர் பிடிக்காதவர்களும் மூன்று கேள்விகள் கேட்க அறிந்திருக்க வேண்டும். கழற்றுமுன் கோடு போட்டீர்களா? பழைய கிராஸைக் காட்டுவீர்களா? இரு மூட்டுகளையும் பார்த்தீர்களா? பழைய கிராஸின் கையை நகத்தால் தடவினால் வரிப் பள்ளம் தட்டுப்படும்; செய்த செலவு தகுமா என்பதை நம் விரலே சொல்லிவிடும்.

முன்சக்கரங்களால் ஓடும் இக்காலச் சிறு கார்களில் இந்த நீண்ட தண்டு இல்லை. சுழற்சியைச் சீராகக் கடத்தும் வேறுவகை மூட்டுகள் அவற்றில் உள்ளன. ஆனால் பேருந்துகளிலும் லாரிகளிலும் ஹூக்கின் மூட்டு இன்றும் சுழன்றுகொண்டே இருக்கிறது. அடுத்த முறை லாரி ஒன்று நிற்கக் கண்டால், பாதுகாப்பான தூரத்திலிருந்து குனிந்து அதன் அடிப்பக்கம் நோக்குங்கள். தண்டின் முனைகளில் அந்தக் கூட்டல் குறி உங்கள் கண்ணுக்குத் தெரியும்.