சித்திரக் கதையும் சர்க்கார் சட்டமும்

பாலாறும் வேகவதியும் செய்யாறும் கூடுகின்ற திருமுக்கூடலுக்குப் பார்வேட்டை உற்சவத்தை முன்னிட்டு நாம் சென்றிருந்தோம். காஞ்சி வரதர் எழுந்தருளும் அவ்வுற்சவத்தைப் பற்றி எழுதவே எண்ணியிருந்தோம். ஆனால் அங்கே ஒரு நண்பர் வீட்டுத் தறிக் கொட்டகையில் நேர்ந்த விவாதம் நம் மனத்தை வேறு திசையில் இழுத்துவிட்டது. நண்பர் பட்டு நெய்கிறவர், கதர் உடுத்துகிறவர். தம் பேரனிடமிருந்து பறித்து வைத்திருந்த இரண்டு சித்திரக் கதைப் புத்தகங்களை நம் முன்னே போட்டு, "ஐயா, நீங்கள் பத்திரிகைக்காரர். இவற்றைச் சர்க்கார் தடை செய்ய வேண்டுமென்று எழுதுங்கள்" என்றார். பேரனுக்கு வயது பதினேழு.

இரண்டையும் அன்றிரவே வாசித்தோம். முதலாவது, சிவகாசி லயன்-முத்து காமிக்ஸ் வெளியீடாகத் தமிழில் வந்துள்ள 'பௌன்சர்'. ஜொடொரோவ்ஸ்கி கதை எழுத, பிரெஞ்சுச் சித்திரக்காரர் பூக் வரைந்தது. அமெரிக்க மேற்குப் பிரதேசத்தில் ஒற்றைக் கையன் ஒருவனைச் சுற்றி நிகழும் குரூரங்களே கதை. சித்திரக்காரரின் கைத்திறனை நாம் மறுக்கவில்லை. ஆயினும் பாதி வழியில் புத்தகத்தை மூடி வைத்தோம் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். ஸ்திரீகள் படும் துன்பம் சில பக்கங்களில் கதைக்கு அவசியமாகவன்றி அலங்காரமாக நிற்பதாக நமக்குப் பட்டது. இது நம் வயதின் கோளாறாகவும் இருக்கலாம்.

இரண்டாவது 'வன்னி'. ஐக்கிய நாடுகள் சபையின் ஊழியராக வன்னியில் பணியாற்றிய பெஞ்சமின் டிக்ஸ் எழுதி, லிண்ட்சே பொல்லொக் வரைந்து, 2019-ல் ஆங்கிலத்தில் வெளியானது. 2008 செப்டம்பரில் அச்சபையின் ஊழியர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேற்றப்பட்டதும், 2009 மே மாதத்தில் யுத்தம் முடிந்த விதமும் நேயர்கள் அறிந்தவையே. அறிந்தவை என்று சொல்லுகிறோம். பத்திரிகையில் எண்ணிக்கைகளாக வாசித்திருக்கிறோம், அவ்வளவுதான். பதுங்கு குழிக்குள் பிள்ளைகளை அணைத்துக்கொண்டு ஒரு குடும்பம் ஷெல் வீச்சுக்குக் காத்திருப்பதைக் கோடுகளில் கண்டபோது, அந்த எண்ணிக்கைகளுக்கு முகம் உண்டாயிற்று. அன்றிரவு நமக்கு நித்திரையில்லை.

விடிந்ததும் நண்பரிடம், காஞ்சிக் கைலாசநாதர் கோயிற் சுவரில் யானையை உரிக்கும் கஜசம்ஹார மூர்த்தியையும், யமனை உதைக்கும் மூர்த்தியையும் குழந்தைகள் பார்க்கவில்லையா என்று கேட்டோம். வைகுண்டப் பெருமாள் கோயிலில் பல்லவ ராஜாக்களின் சரித்திரமும் யுத்தங்களும் வரிசை வரிசையான சிற்பங்களாக இல்லையா என்றும் வாதித்தோம். நண்பர் சாமானியர் அல்லர். "அங்கே வதைபடுகிறவன் அசுரன். இந்தப் புத்தகத்தில் வதைபடுவது குழந்தை. பையன் யாரைக் கும்பிடுவான்?" என்று திருப்பிக் கேட்டார். நம்மிடம் உடனே விடையில்லை.

நண்பர் கோரும் சட்டமோ ஏற்கெனவே இருக்கிறது. 1954-ல் அமெரிக்காவில் வெர்தாம் என்னும் வைத்தியர் சித்திரக் கதைகளால் பாலர் கெடுகின்றனரென்று ஒரு நூல் எழுதினார். செனட் சபையின் உபகமிட்டியும் அதே வருஷம் விசாரணை நடத்தியது. பயந்துபோன பிரசுரகர்த்தர்கள் தாங்களே ஒரு விதித்தொகுப்பை ஏற்படுத்தித் தங்கள் வாயைக் கட்டிக்கொண்டனர். 1955-ல் பிரிட்டன் சட்டமியற்றிற்று. 1956-ல் நம் பார்லிமெண்டும் இளைஞர்க்குத் தீங்கான பிரசுரங்களைப் பற்றி ஒரு சட்டம் செய்தது. குற்றங்கள், குரூரம், அருவருப்பான சம்பவங்கள் ஆகியவற்றைப் பெரும்பாலும் சித்திரித்து, மொத்தத்தில் இருபது வயதுக்குட்பட்டவரைக் கெடுக்கக்கூடிய கதைகளை விற்பவருக்கு ஆறு மாதம் வரை சிறை விதிக்கலாம். மாகாண சர்க்கார் அட்வகேட் ஜெனரலைக் கலந்து அத்தகைய பிரசுரத்தைப் பறிமுதலும் செய்யலாம்.

'மொத்தத்தில்' என்ற சொல்லை நாம் மதிக்கிறோம். ஒரு பக்கத்தைக் கிழித்தெடுத்துக் குற்றஞ்சாட்டலாகாது என்பது அதன் பொருள். ஆனால் அந்த மொத்தத்தை நிறுத்துப் பார்க்கும் தராசு யார் கையில்? 1908-ல் அந்நிய சர்க்கார் 'இந்தியா' பத்திரிகையின் மீது பாய்ந்தபோது, பதிவு ஆசிரியர் சீனிவாசன் சிறை புகுந்தார். பாரதியார் புதுச்சேரி சென்றார். அது அந்நியர் செய்தது என்று ஆறுதல் கொள்ளலாமா? 1987-ல் ஓர் அட்டைப்பட நகைச்சுவைச் சித்திரத்திற்காக 'ஆனந்த விகடன்' ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது நம் சொந்தச் சட்டசபையே. பெரும் எதிர்ப்புக்குப் பின் சில தினங்களில் அவர் விடுதலையானார். 'பௌன்சரை'ப் பறிக்க இன்று நீட்டும் கை நாளை 'வன்னி'யைப் பறிக்காதென்பதற்கு யார் பிணை? அதில் கலங்க வேண்டியவர்கள் பாலர் அல்லர், அதிகாரத்திலிருந்தவர்களே.

ஆகவே தடை கோரி எழுத இயலாதென்று நண்பரிடம் சொன்னோம். வருத்தப்பட்டார். ஆனால் அவர் கேட்ட கேள்வியைச் சட்டத்திடம் விடாமல், பையனிடமே கேட்கும்படி வேண்டினோம். பேரனை அழைத்தார். அவன் சற்றுத் தயங்கி, "தாத்தா, கும்பிட இல்லை. அந்தக் குழிக்குள் நாம் இருந்திருந்தால் என்று நினைத்தேன்" என்றான்.

நண்பர் வெகு நேரம் பேசவில்லை. 'பௌன்சர்' இன்னமும் அவர் பீரோவில் பூட்டியிருக்கிறது. 'வன்னி'யைத் தமக்குத் தமிழில் வாசித்துச் சொல்லும்படி பேரனைக் கேட்டிருப்பதாகச் சென்ற வாரம் எழுதியிருக்கிறார்.