பிள்ளை வெளிநாட்டில் படிக்கப் போனால் முதல் நாற்பது நாள்

பயணம் போவது நம் சாத்தான்குளம் பகுதிக்குப் புதிதல்ல. பாட்டனார் காலத்தில் கொழும்பு, அதற்குப் பிறகு மலேயா, எழுபதுகளுக்குப் பிறகு வளைகுடா என்று வீட்டுக்கு ஒருவராவது சபர் போனவர்கள்தான். ஆனால் அவர்கள் போன இடத்தில் ஊர்க்காரர் ஒருவர் முன்பே இருந்தார். கடையிலோ அறையிலோ படுக்க ஓர் இடமும், சாப்பிட ஒரு தட்டும் காத்திருந்தன. இன்று படிப்புக்காகப் போகும் பிள்ளைகளின் நிலை அப்படி இல்லை. பல்கலைக்கழகம் இடம் கொடுத்த நகரத்தில் நம் மொழி பேசுகிறவர் ஒருவர்கூடத் தெரியாமல் போய் இறங்குகிறார்கள்.

விசா கிடைக்கும் வரை என்ன செய்ய வேண்டும் என்று சொல்ல ஏஜென்சிகள் நிறைய இருக்கின்றன. விமானம் ஏறிய பிறகு என்ன நடக்கும் என்பதைச் சொல்ல ஆள் குறைவு. அந்த முதல் நாற்பது நாளைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நம் மாவட்டத்திலிருந்து பொறியியல் முடித்த பிள்ளைகள் ஜெர்மனிக்கு அதிகம் விண்ணப்பிப்பதால் அந்த நாட்டை வைத்தே விளக்குகிறேன். மற்ற நாடுகளைப் பற்றியும் பின்னால் சுருக்கமாக இருக்கிறது.

ஒரு வீட்டில் நடந்தது

என் அக்கா மகன் ஓர் அக்டோபர் மாதம் அங்கே போனான். போகும் முன்பே இணையத்தில் ஒரு அறையைப் பார்த்து, படங்களை நம்பி, முன்பணமாக 700 யூரோ அனுப்பியிருந்தான். வீட்டுக்காரர் தான் வேறு நாட்டில் இருப்பதாகவும் சாவி தபாலில் வரும் என்றும் சொன்னாராம். இவன் போய் இறங்கிய அன்று அந்த விலாசத்தில் அப்படி ஓர் அறையே இல்லை.

பணம் போனதோடு பிரச்சனை நிற்கவில்லை. வீடு இல்லாததால் விலாசப் பதிவு செய்ய முடியவில்லை. அந்தப் பதிவு இல்லாமல் அவன் போன வங்கியில் கணக்கு திறக்கவில்லை. கணக்கு இல்லாததால், அவன் பெயரில் வாப்பா கட்டியிருந்த பல லட்சம் ரூபாயில் ஒரு யூரோகூடக் கைக்கு வரவில்லை. ஒரு மாணவனின் அறைத் தரையில் பதினோரு நாள் படுத்திருந்தான். இங்கே உம்மா போனில் கேட்டபோதெல்லாம் "எல்லாம் நல்லா இருக்கு உம்மா, சாப்பிட்டேன்" என்றே சொன்னான். ரொட்டியும் வாழைப்பழமும் சாப்பிட்டுத்தான் அந்த நாட்களைக் கழித்தான் என்பது அடுத்த வருஷம் ஊருக்கு வந்தபோதுதான் எங்களுக்குத் தெரிந்தது. ஜும்ஆவுக்குப் போன பள்ளிவாசலில் அறிமுகமான ஒருவர் மூலம் கடைசியில் ஓர் அறை கிடைத்தது. அல்ஹம்துலில்லாஹ், இப்போது படிப்பு முடியும் நிலையில் இருக்கிறான்.

அவன் செய்த தவறு ஒன்றுதான். ஆனால் அங்கே ஒவ்வொரு வேலையும் அடுத்த வேலையோடு கோக்கப்பட்டிருப்பதால் அந்த ஒன்றே எல்லாவற்றையும் இழுத்து நிறுத்திவிட்டது. அந்தக் கோவையைப் புரிந்துகொண்டால் பாதிச் சிரமம் குறையும்.

வீடு, பதிவு, வங்கி, பணம்

ஜெர்மனியில் ஒரு வீட்டில் குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அந்த நகர அலுவலகத்தில் விலாசத்தைப் பதிவு செய்ய வேண்டும் என்பது சட்டம். அதற்குப் பாஸ்போர்ட்டோடு, "இவர் என் வீட்டில் குடியிருக்கிறார்" என்று வீட்டுக்காரர் கையெழுத்திட்ட தாளும் தேவை. பெரிய நகரங்களில் இந்தப் பதிவுக்கு முன்கூட்டியே நேரம் வாங்க வேண்டும். நேரம் கிடைக்க வாரக்கணக்கில் ஆகலாம் என்பதால், இங்கிருந்து கிளம்பும் முன்பே இணையத்தில் நேரம் பிடித்துவிடுவது நல்லது.

வங்கிக் கணக்கு திறக்கப் பல வங்கிகள் இந்தப் பதிவுச் சீட்டைக் கேட்கும். அந்தக் கணக்கு இருந்தால்தான், விசாவுக்காக முடக்கி வைத்த பணம் மாதாமாதம் வரும். 2024 செப்டம்பரிலிருந்து ஒரு வருடச் செலவுக்கென 11,904 யூரோ இப்படிக் கட்டிக் காட்ட வேண்டியிருக்கிறது. நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். இதிலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்க முடியும். பிள்ளை போய் இறங்கியவுடன் மொத்தப் பணமும் கையில் இருக்கும் என்று பல வாப்பாமார் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. முதல் சில வாரங்களுக்கு அதில் எதுவுமே கைக்கு வராது.

ஆகவே இரண்டு மாதச் செலவுக்கான பணம் தனியாக, ஃபாரெக்ஸ் கார்டாகவும் கொஞ்சம் ரொக்கமாகவும் பிள்ளையின் கையில் இருக்க வேண்டும். வாடகை, வீட்டு முன்பணம், மருத்துவக் காப்பீடு, பல்கலைக்கழகக் கட்டணம் எல்லாம் அந்த இரண்டு மாதத்துக்குள்தான் வந்து நிற்கும். நகையை விற்றோ நிலத்தை வைத்தோ பணம் திரட்டுகிறவர்கள் இந்தத் தொகையையும் முதலிலேயே கணக்கில் சேர்க்க வேண்டும். பிறகு அவசரத்தில் கடன் தேடினால் வட்டியில் போய்த்தான் முடியும்.

வீடு விஷயத்தில் சில எச்சரிக்கைகள். பார்க்காத வீட்டுக்குப் பணம் அனுப்பக் கூடாது. "வெளிநாட்டில் இருக்கிறேன், சாவியைத் தபாலில் அனுப்புகிறேன்" என்று சொன்னால் அது பெரும்பாலும் மோசடி. அங்குள்ள சட்டப்படி முன்பணம் மூன்று மாத அடிப்படை வாடகையைத் தாண்டக் கூடாது. மாணவர் விடுதிகளே மலிவு, ஆனால் காத்திருப்போர் பட்டியல் நீளம். அதனால் சேர்க்கைக் கடிதம் வந்த அன்றே விடுதிக்கும் விண்ணப்பித்துவிட வேண்டும். இடம் கிடைக்கும் வரை முதல் மூன்று நான்கு வாரத்துக்குத் தற்காலிகத் தங்குமிடம் ஏற்பாடு செய்துகொண்டு, மற்ற வீடுகளை அங்கே போய் நேரில் பார்த்து முடிவு செய்யலாம். விலாசப் பதிவுக்குக் கையெழுத்து கொடுப்பார்களா என்பதை வீடு பேசும்போதே கேட்டுவிட வேண்டும். சிலர் வாடகை வாங்குவார்கள், அந்தக் கையெழுத்தை மட்டும் கொடுக்க மாட்டார்கள்.

சின்ன விஷயம் ஒன்று: அங்கே தபால் பெட்டியில் பெயர் ஒட்டியிருந்தால்தான் தபால் போடுவார்கள். வங்கி அட்டை, அதன் ரகசிய எண், காப்பீட்டு அட்டை, வரி எண் எல்லாமே தபாலில்தான் வரும். பெயர் ஒட்டாததால் மாதக்கணக்கில் அட்டை வராமல் தவித்த பிள்ளைகள் உண்டு. குடியேறிய முதல் நாள் செய்ய வேண்டிய முதல் வேலை, பெட்டியில் பெயர் எழுதி ஒட்டுவது.

கையில் இருக்க வேண்டியவை

அசல் சான்றிதழ்கள் எல்லாம் கைப்பையில் இருக்கட்டும், பெரிய பெட்டியில் போட வேண்டாம். இந்திய மாணவர்களுக்கு 2022 நவம்பரிலிருந்து கட்டாயமான ஏபிஎஸ் சான்றிதழும் அதில் சேரும். எல்லாவற்றுக்கும் நகல் ஒன்று வீட்டில் இருக்க வேண்டும். நம் ஊர் சிம் கார்டை ரத்து செய்யாமல் ரோமிங் போட்டு வைக்க வேண்டும். இந்திய வங்கியின் ஓடிபி அதில்தான் வரும்.

மருத்துவக் காப்பீடு இல்லாமல் பல்கலைக்கழகத்தில் பெயர் பதிய மாட்டார்கள். 30 வயதுக்கு உட்பட்ட மாணவர்களுக்கு அரசுக் காப்பீடு மாதம் 140 யூரோ அளவில் வரும். அவசரத்துக்கு ஆம்புலன்ஸும் தீயணைப்பும் 112, போலீஸ் 110. இரவிலும் விடுமுறை நாளிலும் உயிருக்கு ஆபத்தில்லாத நோய்க்கு மருத்துவர் வேண்டுமென்றால் 116117. இந்த மூன்று எண்களையும் பிள்ளை மனப்பாடம் செய்திருக்க வேண்டும்.

விசா முடியும் தேதிக்கு முன்பே வெளிநாட்டினர் அலுவலகத்தில் தங்கும் அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அங்கும் நேரம் கிடைப்பது கடினம். கடைசி வாரம் வரை விட்டுவிடக் கூடாது.

உணவும் தொழுகையும்

உம்மாமார் ஆசையோடு நெய், பால்கோவா, உப்புக்கண்டம் எல்லாம் கட்டிக் கொடுப்பார்கள். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் நம் நாட்டிலிருந்து இறைச்சிப் பொருளும் பால் பொருளும் கொண்டு போகத் தடை இருக்கிறது. விமான நிலையத்திலேயே எடுத்துவிடுவார்கள். மசாலாப் பொடி, பருப்புப் பொடி, உடன்குடி கருப்பட்டி போன்றவற்றைக் கொடுத்து அனுப்பலாம்.

ஹலால் உணவுக்குப் பெரிய கஷ்டம் இல்லை. 1961-ல் ஜெர்மனி துருக்கியோடு செய்த ஒப்பந்தத்தின்படி வேலைக்குப் போன துருக்கியர்களின் குடும்பங்கள் இன்று அநேகமாக எல்லா நகரங்களிலும் இருக்கின்றன. அவர்களுடைய கறிக்கடைகளும் பள்ளிவாசல்களும் இருக்கின்றன. பாக்கெட் உணவில்தான் கவனம் வேண்டும். மிட்டாய்களில் பன்றியிலிருந்து எடுத்த ஜெலட்டின் இருக்கலாம். 'ஷ்வைன்' என்பது பன்றிக்கான ஜெர்மன் சொல். அந்த ஒரு சொல்லைப் படிக்கத் தெரிந்தாலே பாதிச் சந்தேகம் தீரும். ஞாயிற்றுக்கிழமை கடைகள் பூட்டியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே சாமான் வாங்கி வைக்க வேண்டும்.

தொழுகை நேரம் பிள்ளைகளை முதலில் திகைக்க வைக்கும். நம் ஊரில் வருஷம் முழுவதும் மஃரிப் ஆறு, ஆறரையை ஒட்டித்தான் வரும். டிசம்பர் மாதம் பெர்லினில் காலை எட்டேகாலுக்குத்தான் சூரியன் உதிக்கும், மாலை நான்கு மணிக்கு முன்பே மறைந்துவிடும். லுஹர், அஸர், மஃரிப் மூன்றும் வகுப்பு நேரத்துக்குள்ளேயே வந்துவிடும். ஜூன் மாதத்தில் சூரியன் மறைய இரவு ஒன்பதரை ஆகும். பல பல்கலைக்கழகங்களில் அமைதி அறை என்று ஒன்று இருக்கிறது, முதல் வாரத்திலேயே விசாரித்துக்கொள்ளலாம்.

பக்கத்துப் பள்ளிவாசலுக்கு முதல் ஜும்ஆவிலேயே போய் நாலு பேரிடம் சலாம் சொல்லிப் பழகச் சொல்லுங்கள். மார்க்கக் கடமை என்பதோடு, அங்கே துணைக்கு ஆள் கிடைக்கும் இடமும் அதுதான். என் அக்கா மகனுக்கு அறை கிடைத்தது அங்கேதான்.

வேலை

2024 மார்ச்சிலிருந்து மாணவர்கள் வருஷத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்கலாம். ஆனால் மொழி தெரியாமல் முதல் இரண்டு மாதத்தில் வேலை கிடைப்பது அரிது. அந்தக் காலத்தில் "வேலை கிடைத்ததா, எப்போது பணம் அனுப்புவாய்" என்று கேட்டால், பிள்ளை வகுப்பை விட்டுவிட்டுக் கணக்கில் வராத வேலைக்குப் போவான். பிடிபட்டால் தங்கும் அனுமதிக்கே ஆபத்து. இன்னொன்றும் நடக்கிறது. "உன் வங்கிக் கணக்கில் கொஞ்சம் பணம் வரும், அதை வேறு கணக்குக்கு அனுப்பிவிடு, கமிஷன் தருகிறேன்" என்பார்கள். அது குற்றப் பணம். கணக்கு யாருடையதோ அவர்தான் வழக்கில் மாட்டுவார்.

மற்ற நாடுகள்

பிரிட்டனில் விசா விண்ணப்பிக்கும்போதே மருத்துவக் கட்டணமாக வருஷத்துக்கு 776 பவுண்டு கட்ட வேண்டும். அங்கே போனதும் பக்கத்து மருத்துவரிடம் பெயர் பதிய வேண்டும், பலர் இதை மறந்துவிடுகிறார்கள். தங்கும் அனுமதி இப்போது அட்டையாக வருவதில்லை, இணையக் கணக்கில்தான் இருக்கும். அதன் கடவுச்சொல்லைத் தொலைக்கக் கூடாது. பட்டப் படிப்பு மாணவர்கள் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் வேலை பார்க்கலாம்.

எம்பிபிஎஸ் படிக்க ஜார்ஜியா, கிர்கிஸ்தான், உஸ்பெகிஸ்தான் என்று போகிறவர்களின் விஷயம் வேறு. தேசிய மருத்துவ ஆணையத்தின் 2021-ம் வருட விதிப்படி படிப்பு குறைந்தது 54 மாதம், ஆங்கில வழியில், ஒரே நிறுவனத்தில் இருக்க வேண்டும். அதே நிறுவனத்தில் 12 மாதப் பயிற்சியும் வேண்டும். நீட் தேர்ச்சியும் அவசியம். இதில் ஒன்று குறைந்தாலும் ஊருக்கு வந்து மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. முதல் வாரத்திலேயே பாடத்திட்டத்தை எழுத்தில் வாங்கிச் சரிபார்க்க வேண்டும். பாஸ்போர்ட்டை ஏஜென்ட் கையில் கொடுத்து வைக்கவே கூடாது.

வீட்டில் இருப்பவர்கள் செய்ய வேண்டியது

கோடையில் அங்கே நேரம் நம்மைவிட மூன்றரை மணி பின்னால், அக்டோபர் கடைசி ஞாயிறிலிருந்து நாலரை மணி பின்னால். நாம் இஷா தொழுதுவிட்டுப் போன் செய்யும்போது பிள்ளை வகுப்பில் இருக்கலாம். எடுக்கவில்லை என்று பதற வேண்டாம். பேச ஒரு நேரத்தை இருவரும் முடிவு செய்துகொள்ளுங்கள்.

"நல்லா இருக்கியா" என்று கேட்டால் "நல்லா இருக்கேன்" என்ற பதில்தான் வரும். நம் பிள்ளைகள் வாப்பாவின் கடனையும் உம்மாவின் கண்ணீரையும் நினைத்துக் கஷ்டத்தை மறைப்பார்கள். ஆகவே கேள்வியை மாற்றுங்கள். விலாசம் பதிந்தாயிற்றா? வங்கிக் கணக்கு திறந்தாயிற்றா? காப்பீட்டு அட்டை வந்ததா? கையில் எவ்வளவு இருக்கிறது? இன்று என்ன சமைத்தாய்? யாரோடு தொழுதாய்? இந்தக் கேள்விகளுக்குப் பொய் சொல்வது கடினம். "தப்பு நடந்தாலும் சொல்லு, திட்ட மாட்டோம்" என்ற ஒரு வார்த்தையை விமான நிலையத்திலேயே சொல்லி அனுப்புங்கள். அந்த வார்த்தையை நாங்கள் சொல்லியிருந்தால் என் அக்கா மகன் பதினோரு நாள் தரையில் படுத்திருக்க மாட்டான்.

பெரிய சிக்கல் வந்தால் பெர்லினில் இந்தியத் தூதரகமும், மியூனிக், பிராங்க்பர்ட், ஹாம்பர்க் நகரங்களில் துணைத் தூதரகங்களும் இருக்கின்றன. சென்னையில் தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் இருக்கிறது. பண உதவி தேடுகிறவர்கள் ஒன்றை அறிந்திருக்க வேண்டும். சிறுபான்மை மாணவர்களின் வெளிநாட்டுக் கல்விக் கடனுக்கு வட்டியை ஏற்ற மத்திய அரசின் 'படோ பர்தேஷ்' திட்டம் 2022-23-லிருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. அது இன்னும் இருப்பதாகச் சொல்லிக் கட்டணம் கேட்பவர்களை நம்ப வேண்டாம். மாநில அரசின் உதவிகளுக்கு மாவட்டச் சிறுபான்மையினர் நல அலுவலகத்தில் நேரில் விசாரியுங்கள்.

இந்த வருஷம் பிள்ளையை அனுப்பவிருக்கும் குடும்பங்கள் புறப்படும் முன் ஒருமுறை நம் அறக்கட்டளை அலுவலகத்துக்கு வாருங்கள். முன்பே போய்ப் படித்த பிள்ளைகளோடு பேச வைக்கிறோம். அதே நகரத்தில் நமக்குத் தெரிந்தவர் இருந்தால் அறிமுகம் செய்து வைக்கிறோம். அந்தக் காலத்தில் கொழும்பில் நம் பெரியவர்களுக்காக ஒரு தட்டுச் சோறு காத்திருந்தது போல, இன்று போகும் பிள்ளைக்கும் போய் இறங்கும் இடத்தில் ஒரு முகமாவது காத்திருக்கட்டும். அல்லாஹ் நம் பிள்ளைகளின் பயணத்தையும் கல்வியையும் பாதுகாப்பானாக.