உஷார்! கெத்துக்கு ஒரு போன், கழுத்துக்கு ஒரு தவணை

மாதம் 20,000 ரூபாய் சம்பளம் வாங்கும் ஒரு தம்பி, 72,000 ரூபாய் போனோடு கடையை விட்டு வெளியே வருகிறான். மாதம் 6,000 வீதம் 12 தவணை. பழைய போனில் ஒரு குறையும் இல்லை. ஆபீஸ் மேஜையில் மற்றவர்கள் போனுக்குப் பக்கத்தில் அதை வைக்கத்தான் கூச்சமாக இருந்தது. அந்தக் கூச்சத்தைக் குறிவைத்துத்தான் வியாபாரமே நடக்கிறது!

அந்தஸ்தைக் காட்டுவதற்கென்றே பொருள் வாங்கும் பழக்கத்தை அமெரிக்கப் பொருளியலாளர் தார்ஸ்டீன் வெப்லன் 1899-லேயே புத்தகமாக எழுதிவிட்டார். அவர் முதன்மையாகப் பேசியது உழைக்கத் தேவையில்லாத செல்வந்தர்களைப் பற்றி. இன்று அதே பந்தாவைக் கடன் வாங்கிக் காட்டுகிறோம். பயமே அங்கேதான்.

‘நோ காஸ்ட் ஈஎம்ஐ’ என்ற பலகையை நம்பாதீர்கள். வட்டியே இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என்று ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. வட்டி அளவுக்குத் தள்ளுபடி கொடுப்பதுபோல் கொடுத்து, அதை வங்கிக்கு வட்டியாகத் திருப்பிவிடுகிறார்கள். ரொக்கத்துக்கு வாங்கினால் அந்தத் தள்ளுபடி உங்களுக்கே கிடைத்திருக்கலாம். கிரெடிட் கார்டு தவணை என்றால் அந்த வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி வேறு. பிராசசிங் கட்டணம் பெரும்பாலும் தனி.

இதைவிடப் பெரிய பள்ளம் ‘மினிமம் டியூ’, அதாவது கார்டு பாக்கியில் அந்த மாதம் குறைந்தபட்சம் கட்டச் சொல்லும் தொகை. கார்டில் 40,000 ரூபாய் பாக்கி, வட்டி மாதம் 3.5 சதவீதம் என்று வையுங்கள். வட்டி 1,400, அதற்கு ஜிஎஸ்டி 252. நீங்கள் மினிமம் டியூவாக 2,000 மட்டும் கட்டினால் அசலில் குறைவது வெறும் 348 ரூபாய்! கட்டிவிட்டோம் என்ற நிம்மதியில் அடுத்த மாதமும் கார்டைத் தேய்த்தால் கடன் ஏறத்தான் செய்யும். தவணை தவறினால் சிபில் ஸ்கோர் அடிவாங்கும். நாளை வீட்டுக் கடனுக்கோ பிள்ளையின் படிப்புக் கடனுக்கோ போய் நிற்கும்போது, அந்தப் பழைய போன் பாக்கி குறுக்கே வந்து நிற்கும்.

பண்டிகைத் தள்ளுபடிக் கூட்டத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள். ரொக்க விலை என்ன என்று முதலில் கேளுங்கள். நிதி நிறுவனத்தின் தவணைக் கடன் என்றால், வட்டியும் கட்டணமும் சேர்த்து ஆண்டுக்கு எத்தனை சதவீதம் ஆகிறது என்று காட்டும் முக்கிய விவரத் தாளைக் கேட்டு வாங்குங்கள். தமிழிலேயே கேளுங்கள். கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் அதைத் தரவேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி.