யன்னலிலிருந்து வீதிக்கு

கொரோனாப் பெருந்தொற்றின் முதலாவது ஊரடங்கு பிரான்சில் 2020 மார்ச் 17ஆம் திகதி தொடங்கி, மே 11ஆம் திகதியே தளர்த்தப்பட்டது. வெளியே செல்வதற்கு அனுமதிப் படிவம் வேண்டும்; உலாவச் செல்வதாயின் ஒரு மணி நேரம், ஒரு கிலோமீற்றர் எல்லை. அந்நாட்களில் அலுமாரிக்குட் சென்ற கமராக்கள் சில இன்னும் வெளிவரவில்லை.

அவற்றை மீண்டும் கையிலெடுக்க எண்ணுவோர் புகைப்படக் கலைஞர் அந்திரே கெர்ட்டேஸின் வாழ்வை அறிதல் நன்று. 1894இல் புடாபெஸ்ற் நகரிற் பிறந்து, 1925இல் பாரிசுக்கு வந்து புகழ்பெற்றவர் அவர். 1936இல் ஒப்பந்தமொன்றின் பேரில் நியூயோர்க் சென்றார். உலகப்போரில் ஹங்கேரி எதிரணியில் நின்றமையால், 'எதிரிநாட்டவர்' எனக் கருதப்பட்டு, வெளியிடங்களிற் படமெடுக்கத் தடைசெய்யப்பட்டார். போரின் பின் சஞ்சிகையொன்றிற்கு வீட்டு அலங்காரப் படங்கள் எடுத்தே காலம் கழிந்தது. 1962இல் அத்தொழிலை விட்டுத் தம் கலைக்கு மீண்டபோது அவருக்கு அகவை 67ஐக் கடந்திருந்தது.

1977இல் மனைவி எலிசபெத் மறைந்தார். தனித்துப்போன முதியவர் தம் வீட்டு யன்னலோரத்திற் சிறு கண்ணாடி உருவங்களை வைத்து, அவற்றினூடே மாறிச் செல்லும் ஒளியைப் பொலரோயிட் கமராவிற் பதிந்தார். 1981இல் அப்படங்கள் நூலாயின. தூரப் பயணமோ விலையுயர்ந்த கருவியோ அவருக்குத் தேவைப்படவில்லை. ஒரே இடத்தைப் பலமுறை பார்க்கும் பொறுமை போதுமானதாயிருந்தது.

புலம்பெயர்ந்த நமக்கு இதில் ஒரு பாடமுண்டு. நமது அல்பங்களில் இருப்பவை யாவை? அகதி விண்ணப்பத்துக்கு எடுத்த முகப்படம், திருமணம், பூப்புனித நீராட்டு விழா. அதிகாலை வேலைக்குச் செல்லும் மெற்றோ நிலையமும், நால்வர் பகிர்ந்துறங்கிய அறையும், அதன் யன்னலில் விழும் குளிர்கால வெயிலும் அவற்றில் இல்லை. ஊரில் விட்டுவந்த படங்களை இழந்தவர்கள் நாம். இங்கு வாழும் வாழ்வையும் படமின்றி இழக்கலாமா? நாளை நம் பிள்ளைகள் கேட்கும்போது எதனைக் காட்டுவோம்?

அன்று சட்டம் வகுத்த அதே ஒரு கிலோமீற்றர் வட்டத்தை இன்று நாமாகவே வகுத்துக்கொள்வோம். கைத்தொலைபேசியே போதும். ஓரிடத்தைத் தெரிந்து, ஒரு மாதம் காலையும் மாலையும் நாளுக்கொரு படம் எடுப்போம். எடுத்தவற்றுட் சிறந்த பத்தினைத் தாளில் அச்சிட்டு, திகதியும் வீதியின் பெயரும் எழுதி வைப்போம். எந்த அலுவலகமும் நம்மிடம் கேளாத சான்று அது. நம் சந்ததி கேட்கப்போகும் சான்றும் அதுவே.