டக்ட் ஏன் வேர்க்கிறது?

இட்லிப் பானை கொதிக்கும் அடுப்புக்குப் பக்கத்தில், ஃப்ரிட்ஜில் குளிர்ந்த தண்ணீரை ஓர் எவர்சில்வர் சொம்பில் ஊற்றி வையுங்கள். சற்று நேரத்தில் சொம்பின் பளபளப்பு மங்கும். பிறகு நீர் கோக்கும். துளிகள் ஒன்றுசேர்ந்து வழிந்து, சொம்பின் அடியில் வட்டமாக ஈரம் படியும். சொம்பு ஒழுகவில்லை. சமையலறைக் காற்றில் கலந்திருந்த நீராவிதான் குளிர்ந்த உலோகத்தில் பட்டு நீராகியிருக்கிறது.

அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரத்து வீடுகளில், கூரைக்கு அடியில் கோடை முழுக்க நடக்கக் காத்திருப்பது இதுவே. அங்கே பெரும்பாலான வீடுகள் கான்கிரீட் தளத்தின் மேல் நேரடியாக எழுப்பப்பட்டவை, நிலவறை கிடையாது. அதனால் பல வீடுகளில் ஏசியின் உள் யூனிட்டையும், அதிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் குளிர்காற்றைக் கொண்டுபோகும் டக்ட்களையும் கூரைக்கு அடியிலுள்ள அட்டிக் என்னும் வெற்றிடத்தில் ஏற்றிவிட்டார்கள். வீட்டிலேயே மிகச் சூடான இடத்தில், வீட்டிலேயே மிகக் குளிர்ந்த பொருள். கோடை மதியத்தில் அட்டிக் 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும். டக்டுக்குள் ஓடும் காற்றோ சுமார் 13 டிகிரி. சென்னையில் சுவரில் மாட்டிய ஸ்பிளிட் ஏசியோடு வாழ்ந்துவிட்டு ஹூஸ்டனின் புறநகர்களான கேட்டிக்கோ சுகர்லாண்டுக்கோ குடிபோகிறவர்கள், தலைக்கு மேல் இப்படி ஒன்று ஓடுவதையே பெரும்பாலும் கூரையில் கறை கண்ட பிறகுதான் கவனிக்கிறார்கள்.

இதில் சூட்டைவிட ஈரமே பெரிய சிக்கல். காற்றைக் குளிரவைத்துக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் அதிலுள்ள நீராவி நீராகப் படியத் தொடங்கும். அந்த வெப்பநிலைக்குப் பனிநிலை என்று பெயர். ஜூலை மாத ஹூஸ்டன் காற்றின் பனிநிலை 24 டிகிரி அளவில் நிற்கும். அதாவது 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த எந்தப் பரப்பும் அந்தக் காற்று பட்டால் வேர்க்கும். அரிசோனாவின் ஃபீனிக்ஸில் அட்டிக் இன்னும் சூடாக இருக்கும். ஆனால் ஜூன் மாதத்து வறண்ட காற்றின் பனிநிலை அங்கே 10 டிகிரிக்கும் கீழே இருப்பதால் அதே டக்ட் வேர்க்காது. ஹூஸ்டனில் டக்டைப் பராமரிப்பது என்றால், முதன்மையாக பனிநிலை 24 டிகிரியான இந்தக் காற்று 13 டிகிரிக் குழாயைத் தொடாமல் பார்த்துக்கொள்வது.

சொம்பு வேர்க்காமலிருக்க என்ன செய்யலாம்? ஒரு துண்டைச் சுற்றிப் பார்க்கலாம். துண்டு சூட்டைத் தடுக்கும், நீராவியைத் தடுக்காது. ஆவி துணியின் இழைகளுக்கிடையே புகுந்து உலோகம் வரை போய் நீராகும். துண்டு உள்ளிருந்து நனையும். துண்டின் மேல் ஒரு பிளாஸ்டிக் உறையை இழுத்துக் கட்டி, வாயை இறுக்கினால் கதை மாறும். ஆவி உள்ளே போக வழியில்லை. துண்டு காய்ந்தே இருக்கும். உறையின் வெளிப்பக்கம் ஏறக்குறைய அறையின் சூட்டிலேயே இருப்பதால் அதுவும் வேர்க்காது.

ஃப்ளெக்ஸ் டக்ட் எனப்படும் வளையும் குழாயின் அமைப்பு அச்சாக இதுவே. உள்ளே கம்பிச் சுருள் தாங்கிய பிளாஸ்டிக் குழாய். அதைச் சுற்றிக் கண்ணாடி இழைப் பஞ்சு. அதற்கு மேல் வெள்ளி நிறத்திலோ கறுப்பிலோ ஒரு மெல்லிய உறை. பஞ்சு சூட்டைத் தடுக்கிறது, உறை ஆவியைத் தடுக்கிறது. எத்தனை வீடுகளில் இந்த உறையை வெறும் மூடுதாள் என்று நினைத்துக் கேபிள் போட வந்தவர் கிழித்துவிட்டுப் போகிறார்! கையளவு கிழிசல் போதும். ஆவி புகும், பஞ்சு நனையும், நனைந்த பஞ்சு சூட்டைத் தடுக்கும் திறனை இழக்கும், அதனால் உறையும் குளிரும், கிழியாத இடங்களும் வேர்க்கத் தொடங்கும். 1980-களில் வந்த சாம்பல் நிற பிளாஸ்டிக் உறைகள் சில, அட்டிக் துவாரங்கள் வழியே விழும் வெயிலில் நைந்து தாமாகவே உரிந்து விழுந்திருக்கின்றன. பழைய வீட்டை வாங்குகிறவர்கள் இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போடக் கூடாது.

வேர்வை கொளுத்தும் மதியத்தில் வரும் என்று எதிர்பார்ப்போம். உண்மையில் உறையில் நீர் கோப்பது பெரும்பாலும் விடியலிலும், மழை பெய்து ஓய்ந்த மாலைகளிலும். மதியம் அட்டிக் 50 டிகிரியில் இருக்கும்போது உறையும் சூடாகவே இருக்கும். பனிநிலைக்கு அருகில்கூட வராது. அதிகாலையில் அட்டிக் 26, 27 டிகிரிக்கு இறங்கிவிடும். அப்போது உறை இரண்டு மூன்று டிகிரி குளிர்ந்தாலே 24-ஐத் தொட்டுவிடும். மதியம் ஏறிப் பார்த்துவிட்டு ‘எல்லாம் காய்ந்து கிடக்கிறது’ என்று சொல்லும் பழுதுக்காரரின் சொல்லை முழுதாக நம்ப வேண்டாம். காலை ஆறு மணிக்கு டார்ச்சோடு ஏறிப் பாருங்கள். உங்கள் உடம்புக்கும் அந்த நேரமே பாதுகாப்பு. கோடை மதியத்து அட்டிக் மனிதர் வேலை செய்யும் இடமல்ல. ஏறும்போது மரச்சட்டங்களில் மட்டும் கால் வையுங்கள், இடையிலுள்ள டிரைவால் (ஜிப்சம் பலகை) ஆளைத் தாங்காது. முகமூடியும் முழுக்கைச் சட்டையும் வேண்டும்.

ஏறியவர் தேட வேண்டிய இடங்கள் சில. இரண்டு டக்ட்கள் உரசிக்கொண்டு கிடக்கும் இடம்: இரண்டு குளிர்ந்த சொம்புகளை ஒட்டி வைத்தால் ஒட்டிய பக்கத்துக்கு அறையின் சூடு எட்டாது, அங்கே முதலில் ஈரம் கட்டும். இரண்டுக்கும் நடுவே காற்று போக இடைவெளி விட்டால் போதும். அடுத்து, டக்டைக் கட்டித் தொங்கவிட்ட இடம். மெல்லிய கம்பியால் கட்டியிருந்தால் பஞ்சு நசுங்கியிருக்கும்; நசுங்கிய துண்டும் மெலிந்த துண்டும் ஒன்றே. தாங்கும் பட்டை குறைந்தது ஒன்றரை அங்குல அகலம் இருக்க வேண்டும். நான்கு அடிக்கு ஒரு பட்டை வேண்டும். இரண்டு பட்டைகளுக்கு நடுவே அடிக்கு அரை அங்குலத்துக்கு மேல் தொய்வு கூடாது.

மூன்றாவது இடத்தில் நல்லெண்ணமே கெடுதலாகிறது. மின்கட்டணம் குறையட்டும் என்று அட்டிக் தரையில் பஞ்சை ஊதி நிரப்புவார்கள். அதில் டக்டும் புதைந்துவிடும். சொம்பை உறையோடு அரிசிப் பானைக்குள் புதைத்ததாக நினைத்துக்கொள்ளுங்கள். அரிசி சூட்டை அண்ட விடாது, ஆகவே உறை குளிர்ந்துகொண்டே போகும். ஆனால் அரிசி மணிகளுக்கு இடையே ஆவி தாராளமாக நுழையும். முடிவில் உறையின் மேல் நீர் கோக்கும், கண்ணுக்கும் தெரியாது. இதனால்தான் 2018-ஆம் ஆண்டின் சர்வதேசக் குடியிருப்பு விதித்தொகுப்பு, ஹூஸ்டன் உள்ளிட்ட ஈரமான தென்பகுதிகளில் டக்டைப் பஞ்சில் புதைப்பதானால் அதன் மேல் ஆர்-13 அளவு காப்பு வேண்டும் என்றது. ஆர் என்பது சூட்டைத் தடுக்கும் திறனின் அளவு. அட்டிக்கில் ஓடும் வழக்கமான டக்டுக்கு ஆர்-8. பழைய வீடுகளில் இதைவிடக் குறைவாகவே இருக்கும்.

நான்காவது, அறைக் கூரையில் குளிர்காற்று இறங்கும் வென்ட் பொருந்தும் தகரப் பெட்டி. வென்டைச் சுற்றிக் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தால் பலர் டக்டுக்குள் பூஞ்சை என்று பயந்துவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தத் தகரப் பெட்டிக்கும் டிரைவாலுக்கும் இடையே விரல் நுழையும் சந்து இருக்கும். அதன் வழியே அட்டிக்கின் ஈரக் காற்று இறங்கிக் குளிர்ந்த தகரத்தைத் தொடுகிறது. வென்டின் மூடியைக் கழற்றி, அந்தச் சந்தை மாஸ்டிக் பசையால் அடைத்து, அட்டிக் பக்கமிருந்து பெட்டிக்குக் காப்பு சுற்றினால் பெரும்பாலான புள்ளிகள் திரும்ப வருவதில்லை. அரை நாள் வேலை.

கசிவைப் புரிந்துகொள்ளச் சொம்பு உதவாது. சொம்பில் காற்று ஓடுவதில்லை. அமெரிக்காவின் எனர்ஜி ஸ்டார் திட்டத்தின் கணிப்பில், ஒரு சாதாரண வீட்டு டக்டில் ஓடும் காற்றில் 20 முதல் 30 விழுக்காடு வழியிலேயே கசிந்துவிடுகிறது. பணம் வீணாவது மட்டுமல்ல. அறைக்குப் போக வேண்டிய காற்று அட்டிக்கில் கொட்டினால் வீட்டுக்குள் காற்றழுத்தம் குறையும். அந்தக் குறையை ஈடுகட்ட ஜன்னல் ஓரம், கதவிடுக்கு, மின்விளக்குக் குழி எல்லா வழியிலும் வெளியின் ஈரக் காற்று வீட்டுக்குள் உறிஞ்சப்படும். ரிட்டர்ன் பக்கம், அதாவது அறைக் காற்றை ஏசிக்குத் திருப்பி இழுக்கும் பக்கம், ஓட்டை இருந்தால் இன்னும் மோசம்: 50 டிகிரி அட்டிக் காற்றை ஏசியே நேராகக் குடிக்கிறது. ஏசி ஓய்வில்லாமல் ஓடியும் வீடு பிசுபிசுக்கிறது என்றால், நான் முதலில் சந்தேகப்படுவது ரிட்டர்னைத்தான்.

ஓட்டையை அடைக்கத் துணி முதுகுள்ள சாம்பல் நிற ‘டக்ட் டேப்’ உதவாது. லாரன்ஸ் பெர்க்லி தேசிய ஆய்வுக்கூடத்தின் மேக்ஸ் ஷெர்மனும் இயன் வாக்கரும் 1998-இல் வெளியிட்ட சோதனையில், டக்டின் சூட்டையும் குளிரையும் மாறி மாறித் தாங்க முடியாமல் விட்டுக்கொடுத்தது அதுதான். மாஸ்டிக் பசையைத் தூரிகையால் கெட்டியாகப் பூசுங்கள். கால் அங்குலத்துக்கு மேல் இடைவெளி இருந்தால் முதலில் கண்ணாடி இழை வலையை ஒட்டி அதன் மேல் பூசுங்கள். ஃப்ளெக்ஸ் டக்டில் உள்குழாய்க்கு ஒரு நைலான் கட்டு, உறைக்குத் தனியே இன்னொரு கட்டு. இந்த இரண்டாவது கட்டைத் தவிர்ப்பதே நான் பார்க்கும் பொதுவான அவசரம். சொம்பின் உறை வாயை இறுக்காமல் விடுவதும் அதுவும் ஒன்று.

டக்டைச் சுத்தம் செய்து தருகிறோம் என்று வரும் விளம்பரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1997 முதல் சொல்லிவருவது இது: டக்டைச் சுத்தம் செய்வதால் நோய் தடுக்கப்படுவதாக நிரூபிக்கப்படவில்லை. கண்ணுக்குத் தெரியும் பூஞ்சை, எலி அல்லது பூச்சித் தொல்லை, அடைக்கும் அளவு தூசி ஆகியவை இருந்தால் மட்டும் செய்யலாம். நனைந்து பூஞ்சை பிடித்த கண்ணாடி இழைப் பஞ்சைச் சுத்தம் செய்ய முடியாது. அந்தப் பகுதியை வெட்டி எறிந்து புதிது போட வேண்டும். மருந்து தெளித்துவிடலாம் என்பவரிடம் ஈரம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். அதற்குப் பதில் இல்லையென்றால் தெளிப்பதில் பயனும் இல்லை.

வீட்டுக்குள்ளிருக்கும் ஈரத்துக்கும் டக்டுக்கும் தொடர்புண்டு. மூன்று டன் ஏசி நல்ல ஈரமான நாளில் மணிக்கு மூன்று, நான்கு லிட்டர் நீரைக் காற்றிலிருந்து பிழிந்தெடுக்கும். தெர்மோஸ்டாட்டில் விசிறியை ‘ஆன்’ நிலையில் வைத்தால், கம்ப்ரஸர் ஓய்ந்த பிறகும் விசிறி சுழன்று, காற்றைக் குளிரவைக்கும் காயிலில் மிச்சமிருக்கும் நீரைத் திரும்ப அறைக்குள் ஊதிவிடும். ‘ஆட்டோ’ போதும். ஃபில்டர் அடைத்துக்கொண்டால் காற்றோட்டம் குறைந்து டக்ட் தேவைக்கு மேல் குளிரும். மாதம் ஒருமுறை பாருங்கள். குளியலறை விசிறி, அடுப்பு விசிறி இவற்றின் குழாய் அட்டிக்கிலேயே முடிந்துவிடாமல் கூரைக்கு வெளியே போகிறதா என்றும் பாருங்கள்.

2024 ஜூலையில் பெரில் புயல் ஹூஸ்டன் பகுதியில் 20 லட்சத்துக்கும் மேலான இணைப்புகளின் மின்சாரத்தைத் துண்டித்தது. நாள்கணக்கில் ஏசியில்லாத வீடு முழுக்க ஈரம் ஏறியிருக்கும். மின்சாரம் வந்ததும் ஒரேயடியாக 68 ஃபாரன்ஹீட்டுக்கு இறக்கினால் வென்ட்கள் எல்லாம் நீர் சொட்டும். 78-இல் தொடங்கிப் படிப்படியாக இறக்குங்கள். பத்து டாலருக்குக் கிடைக்கும் ஈரமானியில் 60 விழுக்காட்டுக்குக் கீழே வந்தால் நிம்மதி.

வெளிச்சுவரில் ஜன்னலுக்கு மேலே காரணமில்லாமல் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு பிளாஸ்டிக் குழாயைக் கண்டிருப்பீர்கள். அட்டிக் ஏசியின் அவசரத் தட்டிலிருந்து வருவது அது. முதன்மை வடிகால் அடைத்தால் அங்கே சொட்டும், கண்ணில் பட வேண்டும் என்றே ஜன்னலுக்கு மேல் வைக்கிறார்கள். அது சொட்டினால் அன்றே ஆளைக் கூப்பிடுங்கள்.

ஆள் வந்து டக்டைச் சரிசெய்வதானால், கசிவுச் சோதனை செய்யச் சொல்லுங்கள். வென்ட்களை அடைத்து, விசிறியால் 25 பாஸ்கல் அழுத்தம் ஏற்றி, எவ்வளவு காற்று தப்புகிறது என்று அளப்பார்கள். புது வீடுகளுக்கு விதி வைத்திருக்கும் அளவுகோல், 100 சதுர அடிக்கு நிமிடத்துக்கு 4 கன அடி. 2,000 சதுர அடி வீட்டுக்கு 80. பழைய வீட்டில் அதை எட்டுவது கடினம். வேலைக்கு முன் ஓர் அளவு, பின் ஓர் அளவு என இரண்டையும் ரசீதில் எழுதித் தருவாரா என்று பணம் பேசும்போதே கேட்டுவிடுங்கள்.